முதல் மிக்சர் நாற்காலி

மைத்துனன் நவீன்குமார் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் செய்தித்தாளில் வந்த நாளிலிருந்து டில்லிபாபுவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கோவாவில் ஏதோ விழாவாம். நவீன்குமாருக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஜனம், அத்தனை பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தான், கழற்றிவிட்டும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் நவீன்குமார் தூக்கியிருந்தது வெறும் கைதான். டில்லிபாபு தன் வாழ்நாளில் பாதியை ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கியே கழித்தவன். அவன் தூக்கி ஒருவரும் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை.

டில்லிபாபு கே.ஜி.கண்டிகையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதற்கும் போவான். நவீன்குமார் அவன் மனைவி புவனாவின் தம்பி, அம்மையார்குப்பத்துப் பையன். கல்லூரி விடுமுறையில் அக்கா வீட்டுக்கு வந்தவன் பொழுது போகாமல், ‘பாவா’ என்று அவன் கூப்பிடும் அக்கா புருஷனிடம் ஒயர் சுற்றக் கற்றுக்கொண்டான். அதையும் ஒழுங்காகச் சுற்றமாட்டான். பிறகு ஒரு லேப்டாப் வாங்கினான். காவடிக்கு அடிக்கும் பம்பையைப் பதிவு செய்து, அதற்கடியில் ‘டும் டும்’ என்று ஒரு இடியைப் போட்டான். காவடிக் கோஷ்டிகள் அதைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் கடற்கரைச் சாலை விடுதிகள், அப்புறம் கோவா, அப்புறம் புவனாவின் வாயில் நுழையாத ஒரு நாடு. வாயில் நுழையாவிட்டாலும் அந்த நாட்டின் பெயரைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் அவள்.

எலக்ட்ரானிக் நடன இசைத் தயாரிப்பாளர் என்று நவீன்குமாரின் பெயருக்குப் பின்னால் போட்டார்கள். ஒரு வருஷம் வேகமாக இடித்தான், மறு வருஷம் மெதுவாக இடித்தான். ஒவ்வொன்றையும் ‘என் பயணத்தின் அடுத்த கட்டம்’ என்று பேட்டி கொடுத்தான். டில்லிபாபுவும் பயணம் போகிறவன்தான். கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி வரைக்கும், குட்டியானை வண்டியில். அதில் அடுத்த கட்டம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

வழக்கமாக டீ குடிக்கும் கடையில் நவீன்குமாரின் படத்தை ஒட்டியதும் டில்லிபாபு கடையை மாற்றினான். புதுக் கடைக்காரன் போனில் நவீன்குமாரின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீயை வீட்டிலேயே குடிக்கலாம் என்றால் அங்கே புவனா இருந்தாள்.

இந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரே மருந்தாக இருந்தது சங்கம்தான். திருத்தணி வட்டார ஒலி ஒளி அமைப்பாளர் மற்றும் ஜெனரேட்டர் உரிமையாளர் நலச் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். பைபாஸ் பக்கம் ஒரு டயர் கடை மாடியில் இருந்தது. பேர்ப்பலகை அந்த மாடியைவிட நீளம் என்பதால் கடைசி வார்த்தை பக்கத்துக் கட்டடத்தின்மேல் விழுந்திருந்தது. உள்ளே பத்து நாற்காலி போட்டால் பதினொன்றாவது ஆள் நிற்க வேண்டும். ஆனாலும் மைக் இல்லாமல் அங்கே ஒருவரும் பேசக் கூடாது. பேசுவதற்கு முன்னால் மூன்று முறை ‘ஹலோ’ சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கும்போது அந்த ஆண்டில் எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள். மைக் வரிசைப்படிதான் வரும். யார் முதலில் சேர்ந்தாரோ அவர் முதலில் பேசுவார்.

வரிசைதான் அந்தச் சங்கத்தின் உயிர். தலைவர் தணிகைமணி இதைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார். “நான் தலைவரா வந்தது தெறமையாலன்னு எவனாவது சொன்னா நான் சும்மா உட மாட்டேன். எனக்கு முன்னால இருந்தவரு செத்தாரு, நான் வந்தேன். என்னிக்காவது ஒருநாளு நானும் போவேன், குணசேகரன் வருவாரு. தெறம கிறமன்னு பேசினா சங்கம் நாசமாப் பூடும்” என்பார். செயலாளர் குணசேகரன் அப்போது தலைவரின் உடல்நிலையைக் கவலையோடு விசாரிப்பார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலையேற வரும்போது சங்கம் அடிவாரத்தில் ஒரு மேடை போடும். வரிசையில் முறை வந்தவர் அன்று மேடையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு முன்னால், முதல் மிக்சர் நாற்காலியில் உட்காருவார். மாலை போடுவார்கள், தலைப்பாகை கட்டுவார்கள், பேரைச் சொல்லி அறிவிப்பார்கள். அந்த நாற்காலிக்காக டில்லிபாபு எத்தனையோ ஆடியாகக் காத்திருந்தான். இந்த வருஷம் அவன் முறை. அவன் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாற்காலி தானாக வந்து அவனுக்கடியில் நின்றிருக்கும்.

ஆனால் பொறாமைக்கு வாயை மூடத் தெரியாது. நவீன்குமார் அம்மையார்குப்பத்தில் நண்பன் கல்யாணத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாசித்தானாம். சம்பளமும் வாங்கவில்லையாம், சினேகிதத்துக்காகவாம். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு இவனோடு படம் எடுத்துக்கொண்டானாம். இதைக் கேட்ட டில்லிபாபு நேரே சங்கத்துக்குப் போனான். உறுப்பினர் அல்லாத ஒருவன் சங்க எல்லைக்குள் ஒலி எழுப்பியிருக்கிறான், அவனை இந்த வட்டாரத்திலேயே வாசிக்க விடாமல் செய்ய வேண்டும் என்று புகார் கொடுத்தான். மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான்.

புகாரை எடுத்துக்கொண்டு செயற்குழு கூடியது. அஞ்சலியும் ஹலோக்களும் முடிந்தபின் குணசேகரன் ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். சங்கம் உறுப்பினர்களைத்தான் தண்டிக்க முடியும், நவீன்குமார் உறுப்பினர் இல்லையே என்றார். தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“ஒருத்தன வெளிய தள்ளணும்னா மொதல்ல அவன் உள்ள இருக்கணும்பா. வெளியவே நின்னுகினு கீறவன எங்க தள்றது?” என்றார்.

ஆகவே நவீன்குமாரை நீக்குவதற்காகச் சேர்த்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவாயிற்று. புது உறுப்பினருக்கு ஒரு குரு வேண்டும், முதன்முதலில் ஒயர் சுற்றக் கற்றுக்கொடுத்தவர்தான் குரு என்பது விதி. எல்லோரும் டில்லிபாபுவைத் திரும்பிப் பார்த்தார்கள். பகையாளியைத் தொலைப்பதற்கு அவனுக்குக் குருவாக வேண்டியிருக்கும் என்று டில்லிபாபு எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நல்ல காரியத்துக்குத்தானே என்று கையெழுத்துப் போட்டான்.

அடுத்த கூட்டத்துக்கு நவீன்குமாரே வந்தான். அரை டவுசர், கழுத்தில் பெரிய ஹெட்போன். படியேறி வந்ததும் டில்லிபாபுவின் காலைத் தொட்டு, “பாவா, என்ன சேத்துவுட்டியாமே? அக்கா சொல்லிச்சி. ரொம்ப சந்தோசம் பாவா” என்றான். டில்லிபாபு அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினான். வேறென்ன பண்ணுவது, சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

உறுப்பினர் எந்த வகுப்பு என்பதை வாட்ஸ் கணக்கில்தான் சங்கம் முடிவு செய்யும். ஆயிரம் வாட்ஸ் உறுப்பினர், ஐயாயிரம் வாட்ஸ் உறுப்பினர் என்று வகுப்புகள் இருந்தன. டில்லிபாபு பத்தாயிரம். நவீன்குமாரை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவன் லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை நீட்டினான். ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது. சங்க மரபுப்படி அது வரிசையில் போக வேண்டும், பாட்டோ யாருக்காகவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் காதில் இருந்தபோது பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை. மழைத் தூறல் மாதிரி ஏதோ கேட்டது. கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, அமைதியான பக்திப் பாட்டு என்று கருத்துச் சொன்னார். செயலாளர் காதுக்குப் போனபோது ஏதோ ஒன்று வேகமாகிக்கொண்டே ஏறியது. பெல்ட் அறுந்த மாவு மிஷின் மாதிரி இருக்கிறது, ரிப்பேர் பார்க்கணும் என்றார். பிறகு டில்லிபாபு மாட்டிக்கொண்டான். ஏறிக்கொண்டே வந்தது சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இடி இறங்கியது.

டில்லிபாபுவின் வலது கால் தானாகத் தாளம் போட்டது. இடது காலால் அதை மிதித்துக்கொண்டான். பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. கேவலமாக இருந்திருந்தால் அவன் எவ்வளவு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். இடிக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் ஓடுவதை அவன் கவனித்தான். அந்த முனகலை அவனுக்குத் தெரியும். எர்த் சரியில்லாத அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயர் அது. “இது நம்ம பழைய ஆம்ப்ளிஃபயராச்சே” என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டான்.

“ஆங், அதான் பாவா” என்றான் நவீன்குமார். “அப்பவே ஃபோன்ல புடிச்சி வெச்சிருந்தேன். அந்த ‘ம்ம்’ மட்டும் இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல. ஃபாரின்காரங்கள்லாம் அத எப்டி பண்ணேன்னு கேக்கறானுங்க.”

அன்போடுதான் சொன்னான். அந்த முனகலுக்காக டில்லிபாபு எத்தனை கல்யாண வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறான். அதைப் போக்க முடியாமல் கடைசியில் அந்த ஆம்ப்ளிஃபயரை எடைக்குப் போட்டான். அவன் வெட்கப்பட்டுத் தொலைத்த சத்தம் விமானம் ஏறி ஊர் ஊராகப் போய்க் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது. டில்லிபாபு மட்டும் இங்கேயே உட்கார்ந்திருந்தான்.

கடைசி உறுப்பினர் காதுக்கு ஹெட்போன் போனபோது பாட்டு முடிந்துவிட்டது. தலைவரின் கருத்தே தன் கருத்து என்றார் அவர். ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த குணசேகரன், இது ஒரு வாட்கூட வராது என்று அறிவித்தார். நவீன்குமாருக்காக ‘ஒரு வாட்டுக்குக் கீழ்’ என்று புது வகுப்பே திறந்தார்கள். அந்த நிமிஷம் டில்லிபாபுவுக்கு வாழ்க்கை இனித்தது.

அது ஒரு நிமிஷம்தான். குணசேகரன் மூன்று ஹலோ சொல்லிவிட்டு, பாட்டில் முனகல் இருப்பதாக உறுப்பினரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆம்ப்ளிஃபயர் முனகுவது சங்க விதிப்படி பெருங்குற்றம் என்றார். முனகியது யாருடைய ஆம்ப்ளிஃபயர் என்று தலைவர் கேட்டார். டில்லிபாபுவுடையது. சீடன் செய்த குற்றம் யாரைச் சேரும் என்று கேட்டார். குருவை. இரண்டு வழியில் வந்தாலும் டில்லிபாபு வீட்டு வாசலில்தான் முடிந்தது. அவனை வரிசையின் கடைசிக்கு இறக்கினார்கள். ஒரு குற்றத்துக்கு ஒரு தண்டனை போதும் என்று நவீன்குமாரை நீக்கும் பேச்சை விட்டுவிட்டார்கள். குருவின் முறை காலியானால் அது சீடனுக்குப் போகும் என்பது இன்னொரு விதி. ஆடிக் கிருத்திகையன்று முதல் மிக்சர் நாற்காலி நவீன்குமாருக்கு.

டில்லிபாபு மறுத்துப் பேச மைக் கேட்டான். மைக் வரிசைப்படி வந்தது. இப்போது அவன் கடைசி என்பதால், அவன் கைக்கு வந்தபோது நன்றியுரையும் முடிந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்திருந்தார்கள்.

நவீன்குமார் தனக்கு வேண்டாம், பாவாவே உட்காரட்டும் என்று எவ்வளவோ சொன்னான். வரிசையை மறுப்பது சங்கத்தை அவமதிப்பது என்று தலைவர் முகம் சிவந்தார். வீட்டில் புவனா கேசரி கிண்டினாள். தம்பி மேடையில் உட்காரப்போகிறான் என்று அம்மையார்குப்பத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். அந்த நாற்காலி யாருடையது என்று அவளுக்கும் தெரியும், ஆனால் சந்தோஷத்தில் அது நினைவுக்கு வரவில்லை. கேசரி நன்றாக இருந்தது என்று டில்லிபாபு சொன்னான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. வரிசையில் கடைசி ஆளுக்கு ஜெனரேட்டர் காவல்தான் வேலை. மேடைக்குப் பின்னால் புகையில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டில்லிபாபுவை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து நவீன்குமாரின் முதுகு தெரிந்தது. டில்லிபாபுவுக்குக் கட்ட வேண்டிய தலைப்பாகை அவன் தலையில் இருந்தது. ரோடு நிறைய மஞ்சள் துணி, காவடி, பால்குடம், பம்பை. பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

நவீன்குமார் அந்தப் பாட்டைப் போட்டான். தூறல் முடிந்து வேகம் ஏறத் தொடங்கியது. ஜனம் காத்திருந்தது. அடுத்து எங்கே இடி இறங்கும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், வாசிப்பவனும் டில்லிபாபுவும். நவீன்குமார் கையைத் தூக்கினான். அந்தக் கை. டில்லிபாபுவின் கண் இருண்டது. இடி இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்னால் மெயினை இழுத்துக் கீழே போட்டான்.

மேடை செத்தது. விளக்கும் போயிற்று. அத்தனை ஜனமும் காலைத் தூக்கியபடி இருட்டில் நின்றது. நவீன்குமாரின் தூக்கிய கை மட்டும் வானத்தின் கடைசி வெளிச்சத்தில் தெரிந்தது. பயத்தில் இறக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்படி ஒரு அமைதியை டில்லிபாபு கேட்டதே இல்லை. ஒரு பெண் பால்குடத்தோடு ‘அரோகரா’ என்று ஒற்றைக் குரல் கொடுத்தாள். ரோடு முழுக்க அது பற்றிக்கொண்டு மலைப்பக்கம் ஏறியது.

டில்லிபாபுவின் கை இன்னும் சுவிட்சின் மேல்தான் இருந்தது. இருட்டில் ஜனம் தள்ளினால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். எந்த மேடையில் கரண்ட் போனாலும் ஓடிப்போய்ப் போட்டுப் பழகிய கை இன்னொரு பக்கம். யோசிப்பதற்குள் மெயினைத் தூக்கிவிட்டான். லேப்டாப் உள்ளுக்குள் பேட்டரியில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிச்சமும் இடியும் ஒன்றாக வந்து இறங்கின.

அன்று திருத்தணி குதித்தது மாதிரி எந்த ஊரும் குதித்திருக்காது. காவலுக்கு நின்றவர்கள் குதித்தார்கள், வளையல் கடைக்காரர்கள் குதித்தார்கள். தலைவர் தணிகைமணி மேடையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

மறுநாள் செய்தித்தாளில் ‘மௌனத்தால் மயக்கிய நவீன்குமார்’ என்று போட்டிருந்தார்கள். இடியை விட்டு அமைதிக்கு வந்திருக்கும் இது அவருடைய பயணத்தின் அடுத்த கட்டம் என்று எழுதியிருந்தது. எல்லா ஊரிலும் அந்த அமைதியை வேண்டுமென்று கேட்கிறார்களாம். டில்லிபாபு செய்தித்தாளை மடித்து வைத்தான். பிறகு எடுத்துப் படித்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் கையை அசைத்து ஒரு ஊரே குதித்திருந்தது, அதற்கும் நவீன்குமார் பேரைப் போட்டிருந்தார்கள்.

சங்கம் நவீன்குமாருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தது. குருவும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை டில்லிபாபு கையில் கொடுத்தார்கள். அவன் ஹலோ சொல்ல மறந்தான்.

“அத நான்தான் பண்ணேன்” என்றான். “மெயின நான்தான் ஆஃப் பண்ணேன். இவன் அசிங்கப்படணும்னு பொறாமைல பண்ணேன். அது இவன் கட்டம் இல்ல, என்னுது.”

தணிகைமணி எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். மூன்று ஹலோ சொன்னார்.

“மேடை நடக்கறப்ப மெயின ஆஃப் பண்றவன ஆயுசுக்கும் நீக்கணும்னு விதி இருக்குது. அப்டி விதி இருக்கறதால நம்ம உறுப்பினர் யாரும் அதப் பண்ண மாட்டாங்க. அதனால அது நடக்கல. பாபுவுக்கு மனசு கஷ்டம், ஏதோ பேசறாரு. பொறாம வரும்பா, வரட்டும், வரிசைல வரட்டும்” என்றார்.

அப்போது நவீன்குமார் எழுந்தான். கண் கலங்கியிருந்தது. “பாவா சொல்றது நெசங்க” என்றான். “அன்னிக்கு நான் ஒண்ணும் பண்ணல. கரண்டு பூட்டுச்சின்னு பயந்துகினு நின்னேன். அந்த அமைதி பாவாவோடது. பேரு பாவாவுக்குத்தான் போவணும்.”

டயர் கடை மாடி கைதட்டலில் அதிர்ந்தது. இவ்வளவு உயரத்துக்குப் போயும் குருவுக்கு விட்டுக்கொடுக்கிற மனசைப் பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். குணசேகரன் மூக்கைச் சிந்தினார். தன் காலத்தில் இப்படி ஒரு பெருந்தன்மையைப் பார்த்ததில்லை என்றார் தலைவர். நவீன்குமார் தனக்குப் போட்ட சால்வையைக் கழற்றி டில்லிபாபுவுக்குப் போர்த்தினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் டில்லிபாபு குனிந்து கொடுத்தான். பிறகு, எல்லோரும் தட்டியதால், அவனும் கை தட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது சங்கதி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. புவனா வாசலிலேயே நின்றிருந்தாள். சால்வையை வாங்கி, விரித்துப் பார்த்து, ஓரத்தை விரலால் நீவினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“என் தம்பி மனசு யாருக்குங்க வரும்” என்றாள்.

“ஆங்” என்றான் டில்லிபாபு.